கார் ஏசி வேலைக்கு விடறதுக்கு முந்தி இதைப் படிங்க: 18,500 ரூபாய் போச்சுங்க

நேத்து பெருந்துறையில இருந்து ஈரோடு வர்ற வழியில கம்ப்ரசர் ஜாம் ஆகி, பெல்ட் அறுந்து நடுரோட்டுல நின்னுட்டேன். கம்ப்ரசர் மாத்தி 19 நாள்தான் ஆகுது. 18,500 ரூபாய்!

பைபாஸ் ஓரத்துல இருக்கிற ஒரு ஏசி ஒர்க்‌ஷாப். பெரியவர் தோள்ல கை போட்டு, "நம்ம ஊட்டு வண்டியாட்டப் பாத்துக்கறேன் கண்ணு, நீ போய் டீ குடிச்சுட்டு வா"ன்னாரு. அந்த 'கண்ணு'லதான் ஏமாந்தேன். திரும்பி வந்து பாத்தா, வெளிய தூறல், உள்ள கம்ப்ரசருக்கு ஊத்தற ஆயில் பாட்டில் மூடியில்லாம நிக்குது. வாயில பனியன் வேஸ்ட் துணி அடைச்சிருக்கு. "மூடி இல்லீங்களா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ண்ணா"ன்னு பையன் கண்ணளவுல ஊத்துறான். பெரியவர் சொன்ன பேச்சை நம்பி வாயை மூடிட்டு நின்னேன்.

இன்னிக்கு வேற மெக்கானிக் கம்ப்ரசரைக் கழட்டி, உள்ள இருந்த ஆயிலை ஊத்திக் காட்டினாரு. கருங்காப்பியாட்ட இருக்கு, அதுல வெள்ளிப் பொடி மின்னுது. பிஏஜிங்கற இந்த கம்ப்ரசர் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்குமாம். அந்த ஈரம் உள்ள போனா ஆசிட் உண்டாகி உள்பாகத்தை அரிச்சிருமாம். ஏசிக்குள்ள ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற ட்ரையரும் பழசேதான் இருக்கு. அதுக்கும் சேர்த்துத்தான் 18,500 வாங்கியிருக்காங்க.

போன் பண்ணா, முதல்ல "ஓட்டுன விதம் சரியில்லை". அப்புறம் "பீஸ் மேல தப்பு, கம்பெனியைக் கேளுங்க". அப்புறம் "திங்கக்கிழமை வாங்க சார்". கண்ணு போய் சார் வந்துருச்சு! இப்ப போனே எடுக்கறதில்லை.

எழுதவே கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். சீல் உடைக்காத பாட்டிலை உங்க கண்ணு முன்னாடி உடைக்கச் சொல்லுங்க. பழைய கம்ப்ரசர்ல இருந்து வடிச்ச ஆயிலை அளந்து காட்டச் சொல்லுங்க. சிஸ்டத்தைத் திறந்தா ட்ரையர் புதுசு போடணும், உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இழுத்து எடுக்கிற வேக்குவம் பம்ப் அரை மணி நேரமாவது ஓடணும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டின்னா கம்பெனி சொன்ன பிஓஇங்கற வேற வகை ஆயில்தான் ஊத்தணும். பிஏஜி போட்டா கரண்ட் கசியும். அந்த ஆயில் பெயிண்டையும் விடாது, என் பெண்டர்ல உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நிக்குது. வேலை செய்யற பையனுக்குக் கையுறையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, பாவம்.

பில்லுல என்ன ஆயில், எத்தனை மில்லின்னு எழுதி வாங்குங்க. என் பில்லுல இருக்கிறது ஒரே வரி: 'ஏசி வேலை 18,500'. நாளைக்குக் காலையில அதை எடுத்துக்கிட்டுத்தான் மறுபடி போறேன்.