பழைய ஸ்விஃப்டின் ஹெட்லைட்டும் ஒரு புதுப்பேட்டைப் பட்டறையும்

முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் 2005-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. அந்த வரிசைக் கார்களில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றின் ஹெட்லைட்டுகள் பெரும்பாலும் மஞ்சள் பூத்துப்போயிருக்கும். பழைய அம்பாசடரின் வட்ட விளக்கில் இருந்தது அசல் கண்ணாடி. அது உடையுமே தவிர மங்காது. இப்போதைய விளக்குகளின் முகப்போ பாலிகார்பனேட். அதன்மேல் தொழிற்சாலையில் இடப்படும் பாதுகாப்புப் பூச்சை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அரித்துவிட்டால், அடியிலுள்ள பிளாஸ்டிக்கே நிறம் மாறத் தொடங்கும்.

சென்னை புதுப்பேட்டையில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறு பட்டறையில் என் காரின் இரு விளக்குகளையும் சீர்செய்தேன். எந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது அங்குள்ள மெக்கானிக்குக்குத் தெரிந்திருந்ததுதான் அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறக்கக் காரணம். மங்கல் வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால் விளக்கைப் பிரிப்பது வீண் செலவு என்று அவரே சொன்னார். என் காரில் வலப்பக்க விளக்கின் உள்ளே நீர்த்துளி கோத்து, தூசி படிந்து, உட்புறமும் வெளுத்திருந்ததால்தான் பிரிக்க வேண்டியதாயிற்று.

பம்பரைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்ததும், பல்பு, ஹோல்டர், ரப்பர் மூடி ஆகியவற்றை நீக்கிவிட்டு, முகப்பையும் உறையையும் இணைக்கும் பள்ளத்தைச் சுற்றி சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். பசை இளகி, கறுப்பு நூலாக நீண்டு வரும்வரை அவர் நெம்பவில்லை. அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரை நுழைத்தால் உறையின் விளிம்பு விண்டுபோகும்; பிறகு எவ்வளவு பசை வைத்தாலும் மழைநீர் உள்ளே போவதைத் தடுக்க முடியாது.

பல்பின் ஒளியை முன்னோக்கித் திருப்பிவிடும் பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டரை அவர் துணியால் தொடவே இல்லை. காற்றடித்துத் தூசியை மட்டும் போக்கினார். அது சரியான முடிவு. அலுமினிய ஆவியைப் படியவைத்து உருவாக்கும் அந்தப் பளபளப்பு, ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே கீறிவிடக்கூடிய அளவுக்கு மெல்லியது. இடப்பக்க ரிஃப்ளெக்டரில் பல்புக்கு மேலே ஏற்கெனவே கருகியிருந்த பகுதியைத் தன்னால் மீட்க முடியாது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

முகப்பை 800-ஆம் எண்ணில் தொடங்கி 1500, 2000, 3000 என்று மேலும் மேலும் நுண்ணிய வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்தபோது, முதலில் மஞ்சளாக வழிந்த குழம்பு வரவர வெள்ளையாயிற்று. பழைய பூச்சு முழுவதும் போனதற்கு அதுவே அடையாளம். பல கடைகள் இதன் பிறகு பாலிஷ் போட்டுப் பளபளப்பைக் காட்டி அனுப்பிவிடும். பூச்சு இல்லாத அந்த முகப்பு சில மாதங்களிலேயே மீண்டும் மங்கிவிடும். இங்கே புற ஊதாக் கதிரைத் தாங்கும் டூ-கே கிளியர் கோட், அதாவது ஹார்ட்னர் என்னும் இறுக்கியைக் கலந்து அடிக்கும் நிறமற்ற பெயின்ட், அடித்தார்கள். அந்தப் பெயின்ட்டின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும். அப்படியிருக்க, அடித்த இளைஞர் மூக்கில் கைக்குட்டையை மட்டும் கட்டியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. உரிமையாளரிடம் சொன்னேன், சிரித்து மழுப்பினார்.

இன்னொரு குறையும் உண்டு. விளக்கைத் திரும்பப் பொருத்தியபின் ஒளியின் உயரத்தை அவர்கள் சரிபார்க்கவில்லை. 10 மீட்டர் தூரத்திலுள்ள சுவரில், லோ பீமின் (தாழ்ந்த ஒளியின்) மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். என் காரில் அது மேலேறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்தது. வேறோரிடத்தில்தான் அதைத் திருத்திக்கொண்டேன். போதாததற்கு எல்இடி பல்பு போடச் சொல்லியும் வற்புறுத்தினார்கள். என் காரில் இருக்கும், ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் தனித்தனி இழை கொண்ட ஹெச்4 வகை ஹாலஜன் பல்பில் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கவசம் இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு அந்த இழையின் இடத்தைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. மலிவான எல்இடி அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் மறுத்துவிட்டு, 60/55 வாட் ஹாலஜனையே போடச் சொன்னேன்.

இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து 3,800 ரூபாய் ஆயிற்று, பல்பு தனி. ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்த பின்னும் உள்ளே ஈரம் கோக்கவில்லை, பூச்சும் உரியவில்லை. உட்புறம் கெட்ட விளக்குக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ரிஃப்ளெக்டரே பெருமளவு கருகியிருந்தால் இந்தச் செலவு வேண்டாம். புதிய விளக்கு வாங்கிவிடுவதே நல்லது.