மஜ்ஜை கொடுத்த அக்காவிடமே சிறுநீரகமும் கேட்கலாமா?

எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து சில வருடம் ஆனதும் செக்கப்பில் கேள்வி மாறிவிடும். வெள்ளை அணு எவ்வளவு என்று கேட்ட வீட்டார், "உப்பு எவ்வளவு?" என்று கேட்பார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினைத்தான் நம்மூரில் உப்பு என்கிறோம். ரத்தப் புற்றுநோய் போயிருக்கும், சிறுநீரகம் தளர்ந்திருக்கும். கொடையாளியின் புது அணுக்கள் உடலைத் தாக்காமலிருக்கக் கொடுத்த சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ், உடல் முழுக்கப் பாய்ச்சிய கதிர்வீச்சு, பூஞ்சைத் தொற்றுக்கு ஏற்றிய ஆம்போடெரிசின், நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும் கோளாறு என்று காரணங்கள் பல; பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே வரும்.

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, வலி மாத்திரைகளைத் தொடாமல் வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். சிறுநீரகம் முற்றிலும் நின்றுபோகிற சிலருக்குத்தான் இந்த அலசல்.

முதலில் டயாலிசிஸ். கையில் பிஸ்டுலா (ஊசி குத்த வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்), வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம் என்பது இதன் பெரிய நிம்மதி. ரத்தப் புற்றுநோய் திரும்பி வராது என்று உறுதியாகும்வரை காத்திருக்கவும் இதுதான் வழி. ஆனால் மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள் டயாலிசிஸில் மற்றவர்களைப் போலத் தாக்குப்பிடிப்பதில்லை. நெடுங்காலத்துக்கு இதையே நம்பியிருப்பதை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன்.

அடுத்தது வேறொருவரின் சிறுநீரகம். டயாலிசிஸிலிருந்து விடுதலைதான். ஆனால் உடல் அதை ஒதுக்காமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அதில் முதலில் வருவது பெரும்பாலும் அதே டாக்ரோலிமஸ்! எந்த மருந்து பழைய சிறுநீரகத்தைக் கெடுத்ததோ அதையே விழுங்கிப் புதியதைக் காப்பாற்ற வேண்டும். ஏற்கெனவே அடிவாங்கிய எதிர்ப்புச் சக்தி, தொற்றுக்கு இன்னும் திறந்துகிடக்கும்.

மூன்றாவது, மஜ்ஜை கொடுத்தவரிடமே சிறுநீரகமும் பெறுவது. தம்பிக்கு அக்கா மஜ்ஜை கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்று தம்பியின் உடம்பில் ஓடுவது அக்காவின் ரத்தம். ரத்த வகைகூட அவருடையதாக மாறியிருக்கும். காவல் காக்கும் வெள்ளை அணுக்களும் அக்காவுடையவை. அக்காவின் சிறுநீரகம் உள்ளே வந்தால், அந்த அணுக்களுக்கு அது சொந்த வீட்டுப் பொருள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைக் குறைத்து, சிலருக்கு அறவே நிறுத்திவிடவும் முடிந்திருக்கிறது. பாஸ்டன் மருத்துவர்கள் 1991-லேயே இதைப் பதிவு செய்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் சிறுநீரக மாற்றின் ஜோசப் மரேயும் மஜ்ஜை மாற்றின் டொனால் தாமஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது சுவையான பொருத்தம்.

கிடைத்தால் மூன்றாவதுதான் சிறந்தது. கிடைப்பதுதான் கஷ்டம். தம்பியின் ரத்தம் முழுக்க அக்காவுடையதாக இருக்கிறதா என்று கைமெரிசம் பரிசோதனையில் பார்க்க வேண்டும். பழைய அணுக்கள் கணிசமாக மிஞ்சியிருந்தால் கணக்கு தப்பிவிடும். புது அணுக்கள் உடலைத் தாக்கும் தொல்லை தொடர்ந்தால் அதற்கே மாத்திரை வேண்டியிருக்கும். தன் ஸ்டெம் செல்லையே (ரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்களை) திரும்ப ஏற்றிக்கொண்ட, மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் வந்த நோயாளிக்கு இந்த வழியே இல்லை. மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு மூலம் கிடைத்த முகம் தெரியாத கொடையாளி என்றாலும் நம் நாட்டில் நடைமுறைக்கு ஆகாது.

அப்புறம் அக்கா. மஜ்ஜைக்கு அவர் சில நாள் ஊசி போட்டுக்கொண்டு, சில மணி நேரம் மெஷினோடு படுத்திருந்திருப்பார். கொடுத்தது சில வாரத்தில் ஊறிவிட்டது. சிறுநீரகம் ஊறாது. இப்போது அவருக்கு வயதும் கூடியிருக்கும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எட்டிப் பார்த்திருக்கலாம். "ஒரு தடவை கொடுத்தவதானே" என்று வீடே அவர் முகத்தைப் பார்க்கும். அதனால் மருத்துவர் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும், தம்பியும் அம்மாவும் வெளியே இருக்கும்போது. அவர் வேண்டாம் என்றால், வீட்டாரிடம் "பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள்.