பறவைச் செய்தித் தளத்துக்கு வேர்ட்பிரஸ்: 5 வருடம் பயன்படுத்திய அனுபவம்

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஞாயிறு விடிகாலையில் பைனாகுலரோடு நஞ்சராயன் குளத்துக்கரையில் இருப்பேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 2020இல் கொங்குப் பகுதிப் பறவைகளுக்காக ஒரு செய்தித் தளம் தொடங்கினோம். ஓடுவது வேர்ட்பிரஸில், அதாவது இணையதளம் நடத்த உதவும் மென்பொருளில். அது இலவசம், ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் மட்டும் வருடா வருடம் காசு கட்டுகிறோம். தீம், வேகம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் மட்டும் செல்லுபடியாகும் செய்தியையும் எப்போது படித்தாலும் உதவுகிற கட்டுரையையும் இதில் எப்படிப் பிரித்து வைப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

இதில் 'போஸ்ட்', 'பேஜ்' என்று இரண்டு உண்டு. போஸ்ட் தேதி வரிசையில் வரும். புதியது வர வர பழையது கீழே இறங்கும். பேஜ் அந்த வரிசையில் சேராது, மெனுவில் வைத்துவிட்டால் அங்கேயே இருக்கும். முதல் மூன்று வருடம் நாங்கள் எல்லாவற்றையும் போஸ்ட்டாகவே போட்டோம். குளத்துக்குப் பட்டைத்தலை வாத்து வந்ததும் போஸ்ட், மஞ்சள் மூக்கு நாரைக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் என்ன வித்தியாசம் என்பதும் போஸ்ட். வாத்து கோடைக்கு முன்பே இமயமலை தாண்டிக் கிளம்பிவிடும். நாரைக் கட்டுரை என்றைக்கும் வேண்டியது, அதுவோ எங்கோ அடியில் கிடந்தது. யாராவது கேட்டால் நாங்களே தேடியெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம்.

2023இல் ஊத்துக்குளிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை போன் செய்தார். "ஏனுங்க, நஞ்சராயன் குளம் இன்னும் சரணாலயம் ஆகலீங்களா? பசங்களுக்குச் சொல்லணும்" என்றார். அவர் படித்தது எங்கள் 2020 போஸ்ட், சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை பற்றியது. 2022லேயே தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அந்தச் செய்தியையும் போட்டிருந்தோம், ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு இணைப்புகூட இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கே தப்பான தகவல் போயிருக்கும். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து மாற்றினோம். குளத்துக்கென்று ஒரு பேஜ். எப்படிப் போவது, எந்த மாதம் என்ன பார்க்கலாம், சரணாலயமான கதை எல்லாம் அதில். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் குளம் சேர்ந்தபோது செய்தி தனிப் போஸ்ட்டாக வந்தது, பேஜில் ஒரு வரி மட்டும் கூடியது. பழைய போஸ்ட்டை அழிக்கவில்லை. மேலே 'இப்போதைய நிலை இங்கே' என்று இணைப்பு கொடுத்தோம். வெளியிட்ட தேதியையும் கடைசியாகத் திருத்திய தேதியையும் வேர்ட்பிரஸ் தனித்தனியாக வைத்திருக்கிறது. போஸ்ட்டில் முதல் தேதியையும் பேஜில் இரண்டாவதையும் காட்டுகிறோம்.

இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் ஜனவரியில் வருகிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் பட்டியல் ஏற்றும் முறை மாறுவதில்லை, தேதிதான் மாறும். பனியனில் நவராத்திரி ஆர்டர், கிறிஸ்துமஸ் ஆர்டர் போல இது சீசன் சரக்கு. ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுதினால் ஒரே விஷயத்துக்கு ஐந்து இணைய முகவரி ஆகிவிடும். முகவரியில் வருடம் இல்லாத ஒரே பேஜாக வைத்து, டிசம்பர் கடைசியில் தேதியைத் திருத்துங்கள். முகப்பில் ஒரு சின்ன போஸ்ட்டை 'ஸ்டிக்கி' ஆக்கி அந்தப் பேஜுக்கு இணைப்பு கொடுத்தால் கணக்கெடுப்பு முடியும்வரை அது மேலேயே நிற்கும். முடிந்ததும் டிக்கை எடுத்துவிடலாம்.

வகைகள் மூன்று போதும்: செய்தி, அடையாளம், இடங்கள். குறிச்சொல்லாகப் பறவை பெயர். 'பட்டைத்தலை வாத்து' என்பதைத் தொட்டால் எல்லா வருடச் செய்தியும் வரிசையாக வரும். ஆனால் பேஜுக்கு இயல்பாக வகையோ குறிச்சொல்லோ கிடையாது, அதனால் ஒவ்வொரு பேஜின் அடியிலும் இணைப்பைக் கையால்தான் சேர்க்கிறோம். பறவைகள் கூடக் கூட வேலையும் கூடும். முகவரியையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழில் வைத்தால் பகிரும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு, பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்துத் தொடாமல் போய்விடுவார்.

இந்த செப்டம்பரில் ஒரு ஞாயிறு, குளத்தோரக் கருவேல முள்ளில் பழுப்புக் கீச்சான் ஒன்று கண்ணில் கறுப்புப் பட்டையோடு வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதன் பேஜைத் திறந்தேன். 'முதலில் கண்ட நாள்' என்று அடியில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. அதில் இந்த வருடத்து வரியைச் சேர்த்துவிட்டு, செய்தியைத் தனியாக நாலு வரியில் போட்டேன்.