களிம்பா, லோஷனா? யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான தோல் பூச்சுகள்: ஓர் ஒப்பீடு

சோளகம் வீசத் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் பலருக்கு முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் தோல் வெளிறிச் செதிள் விடத் தொடங்கும். மழையற்ற மாதங்களின் வறண்ட காற்றோடு, சுண்ணக்கற் பாறையில் ஊறிவரும் கிணற்று நீரின் வன்மையும் சேர்ந்துகொள்கிறது. அந்த நீரிலுள்ள கல்சியத்தோடு சேரும் சவர்க்காரம் நுரைப்பதற்குப் பதிலாகக் கரையாத படிவாக மாறித் தோலிலேயே தங்கிவிடுகிறது. இதற்கு இயற்கைப் பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே பூச்சு செய்ய விரும்புவோருக்கு நான்கு வழிகள் உள்ளன. வெறும் எண்ணெய், எண்ணெயும் தேன்மெழுகும் சேர்ந்த களிம்பு, கற்றாழைச் சோறு, நீரையும் எண்ணெயையும் ஒன்றாகக் கலந்த லோஷன் என்பனவே அவை. இவற்றுள் எதைத் தெரிவுசெய்வது என்பது மணத்திலோ நிறத்திலோ அல்லாமல், பூச்சில் நீர் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது.

எண்ணெய்களை முதலில் பார்ப்போம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறைவதால், மார்கழி, தை மாதக் காலைகளில் போத்தலுக்குள் வெண்மையாக இறுகியும் மற்றக் காலங்களில் நீராக ஓடியும் காணப்படும். 2004இல் வெளிவந்த பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், வறண்ட தோலுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய், மருந்தகங்களில் விற்கும் கனிய எண்ணெய்க்கு நிகரான பலனைத் தந்தது. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி வீட்டில் எடுக்கும் எண்ணெய் மணத்தில் சிறந்ததுதான். ஆனால் அடியில் ஈரம் சிறிதளவு தங்கிவிட்டாலும் அது விரைவில் சிக்கு மணம் பிடித்துவிடும் என்பதால், சலசலப்பு முற்றாக அடங்கும்வரை காய்ச்சி, துணியில் வடித்து, உலர்ந்த போத்தலிலேயே விட வேண்டும்.

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் தோலில் கனமாக நிற்கும். அதிலே இயல்பாக உள்ள செசமோல் முதலிய பொருள்கள் எண்ணெய் பழுதாவதைத் தாமதப்படுத்துவதால் அது நெடுநாள் இருக்கும். எண்ணெய் முழுக்கிற்கு அதைப் பயன்படுத்திவந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அதன் மணம் உடுப்பை விட்டு எளிதில் போகாது. எள் ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். இலுப்பெண்ணெய் இன்னும் தடித்தது. குளிர்ந்தால் பாதி உறைந்து நிற்கும் அதன் தன்மை வெடித்த குதிகாலுக்கு மிகப் பொருத்தமானது என்றாலும், நல்ல எண்ணெய் கிடைப்பதே இப்போது அரிதாகிவருகிறது. ஒலிவெண்ணெயை விலை கொடுத்து வாங்குவதில் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அது தோலின் மேற்படையைப் பலப்படுத்துவதற்குப் பதிலாகப் பலவீனப்படுத்துவதாகவே காட்டியது.

எந்த எண்ணெயானாலும் அது தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை. இருக்கும் நீரை வெளியேறவிடாமல் மூடிவைப்பதே அதன் வேலை. ஆகவே குளித்துவிட்டு, உடலை மெல்ல ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றாகக் காய்வதற்கு முன்பே பூச வேண்டும். நன்றாக உலர்ந்துவிட்ட தோலில் மதியத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வது எண்ணெயின் குறையல்ல.

களிம்பு இதே எண்ணெயைத் தோலில் நிலைத்து நிற்கச் செய்கிறது. 100 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு என்ற அளவு எமது வெப்பத்திற்கு ஏற்றது. மெழுகு இதனிலும் மிகக் குறைந்தால் பகல் வெயிலில் களிம்பு இளகி ஓடும், கூடினால் தோலில் பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். ஆதலால் அதை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்த கிண்ணத்தில் எண்ணெயோடு சேர்த்து உருக்கி, உலர்ந்த சிறு போத்தல்களில் ஊற்றி, அசையாமல் ஆறவிட வேண்டும். வன்னிப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவருவோரிடம் அடை மெழுகு கேட்டுப் பெறலாம். அதைச் சுடுநீரில் உருக்கித் துணியில் வடித்து ஆறவிட்டால், அழுக்கு நீரோடு அடியில் நிற்க, மெழுகு மேலே தட்டாக மிதக்கும். அந்தத் தட்டைச் சுரண்டித் துடைத்து நன்கு உலர்த்திய பின்னரே பயன்படுத்தலாம். மெழுகுதிரியை உருக்கிப் பயன்படுத்துவது இதற்கு மாற்றாகாது. அது பெரும்பாலும் பரபின். மண்ணெண்ணெயைப் போல அதுவும் பெற்றோலியத்திலிருந்து வருவது.

இந்தக் களிம்பின் பெரிய பலம், அதில் நீர் இல்லை என்பதே. நீரில்லாத இடத்தில் பற்றீரியாவோ பங்கசோ பெருக முடியாது. எனவே நுண்ணுயிர் பெருகாமல் தடுக்கும் பாதுகாப்பு இரசாயனம் எதுவும் தேவைப்படாமல், நல்ல எண்ணெயில் செய்த களிம்பு ஏறத்தாழ ஆறு மாதம் கெடாமல் இருக்கும். உலர்ந்த விரலால் எடுப்பது ஒன்றே நிபந்தனை. பிசுபிசுப்பும், புழுதி ஒட்டுவதும், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கறை விழுவதும் இதன் குறைகள். இவற்றைச் சிறியவை என்று நான் சொல்லமாட்டேன்.

கற்றாழையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மடலை வெட்டிச் சிறிது நேரம் சாய்த்து நிறுத்தினால் வடியும் மஞ்சள் பால் தோலை உறுத்தக்கூடியது; அதைக் கழுவி நீக்கிவிட்டு, உள்ளே உள்ள சோற்றை அன்றே பூசுவது நல்லது. அந்தச் சோற்றில் 98 வீதத்திற்கும் அதிகமாக நீரே உள்ளது என்பதால், அரைத்து எண்ணெயோடு கலந்து போத்தலில் அடைத்தால் சில நாள்களிலேயே பழுதாகத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டி அதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது.

உண்மையான லோஷனே இவற்றுள் கைகளுக்கு இதமானது. பூசிய சில நிமிடங்களில் பிசுக்கின்றி மறைவதால், அலுவலகம் செல்வோரும் மாணவரும் விரும்புவது அதுவே. ஆனால் அதற்கு ஒழுங்கு வேண்டும். 100 கிராம் லோஷனுக்கு 72 கிராம் காய்ச்சி வடித்த நீர், 18 கிராம் எண்ணெய், நீரையும் எண்ணெயையும் பிரியாமல் இணைக்கும் மெழுகான எமல்சிஃபையிங் வாக்ஸ் 6 கிராம், 3 கிராம் கிளிசரின், 1 கிராம் பாதுகாப்புப் பொருள் என்பது நல்ல தொடக்க அளவு. பாதுகாப்புப் பொருளை மட்டும் அதன் போத்தலில் எழுதியுள்ள அளவுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளிசரின் கலந்த நீரையும், வாக்ஸ் கலந்த எண்ணெயையும் தனித்தனியே 70 முதல் 75 பாகைவரை சூடாக்கி, ஒன்றாக ஊற்றிப் பீற்றரால் தொடர்ந்து அடிக்க வேண்டும். வெப்பம் 40 பாகைக்குக் கீழே இறங்கிய பின்னரே பாதுகாப்புப் பொருளைச் சேர்க்கலாம். இரண்டின் சூடும் ஒத்திராவிட்டால் லோஷன் மறுநாள் பிரிந்து நிற்கக்கூடும்.

இங்கே கிணற்று நீரைப் பயன்படுத்தக் கூடாது. கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு, வன்மையின் ஒரு பகுதி மட்டுமே. எஞ்சிய உப்புகள் நீரிலேயே இருந்து, லோஷனின் உறுதியைக் கெடுக்கும். தேன்மெழுகோடு வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்து நீரையும் எண்ணெயையும் இணைக்கும் பழைய முறை ஒன்றும் உண்டு. வெண்காரம் இனப்பெருக்க நலனுக்குத் தீங்கானதென ஐரோப்பிய ஒன்றியத்தில் வகைப்படுத்தப்பட்டிருப்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பாதுகாப்புப் பொருளைச் சேர்த்தால் இயற்கை என்ற தன்மை போய்விடும் என்று எண்ணி அதை விட்டுவிடுபவர்களே எனக்கு மிகுந்த கவலை தருகிறார்கள். விற்றமின் ஈ, எண்ணெய் சிக்கு மணம் பிடிப்பதைத் தாமதப்படுத்தும். நுண்ணுயிர்களை அது தடுக்காது. பற்றீரியா பெருகிய லோஷன் பார்வைக்கும் மணத்திற்கும் நல்லதாகவே தோன்றக்கூடும். நீரிழிவால் பாதம் வெடித்த ஒருவர் அதைப் பூசினால் அந்த வெடிப்பின் வழியே தொற்று உள்ளே செல்லும். பரவலாகப் பயன்படும் பினொக்சிஎதனோல் என்ற பாதுகாப்புப் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவு 1 வீதம். அந்த ஒரு வீதத்திற்கு அஞ்சுபவர், லோஷனைக் கைவிட்டுக் களிம்போடு நிற்பதே பாதுகாப்பானது.

ஆகவே தோட்ட வேலை செய்யும் கைகளுக்கும், வெடித்த பாதங்களுக்கும், இரவில் பூசுவதற்கும் களிம்பையே முதலில் வைப்பேன். பகலில் வெளியே செல்பவருக்கு, தராசும் வெப்பமானியும் வைத்துச் செய்யும் பொறுமை இருந்தால், லோஷன் தகும். பொறுமை இல்லாவிட்டால் குளித்தவுடன் பூசும் சில துளி தேங்காய் எண்ணெயே போதும். பரு வரும் முகத்திற்குத் தேங்காய் எண்ணெயை விலக்க வேண்டும். இவற்றுள் எதுவும் வெயிலைத் தடுக்காது.

எந்தக் கலவையிலும் தேசிக்காய்ச் சாற்றைச் சேர்க்க வேண்டாம். அது பட்ட தோலில் எமது வெயிலும் படும்போது கொப்புளமும் நெடுநாள் மறையாத கருமையும் உண்டாகலாம். கைக்குழந்தைக்குப் பூசும் எதிலும் கற்பூரம் கலக்கவே கூடாது. புதிதாகச் செய்த எதையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி இரண்டு நாள் பார்த்த பின்னரே உடலெங்கும் பூசலாம். லோஷன் செய்பவர்கள் அதை அகன்ற வாய்ப் போத்தலில் வைத்து விரல்விட்டு எடுக்காமல், அழுத்தி எடுக்கும் போத்தலில் அடைத்து, செய்த திகதியை எழுதி ஒட்டி, மூன்று மாதத்தில் முடிந்துவிடக்கூடிய அளவே செய்ய வேண்டும்.