டாரன்டுலாவும் பாசிச் சிலந்தியும்

டாரன்டுலா என்ற பெரிய, முடி அடர்ந்த சிலந்தியும் பாசிச் சிலந்தியும் ஒரே வம்சம். இரண்டு ஜோடி புத்தக நுரையீரல் (புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்கான மூச்சு உறுப்பு), இணையாகக் கீழ்நோக்கிக் குத்தும் விஷப்பற்கள் என்று அடிப்படை அமைப்பு ஒன்றுதான். ஆனால் அளவைப் பாருங்கள். தென் அமெரிக்காவின் கோலியாத் டாரன்டுலா காலை விரித்தால் 28 செ.மீ. வரை போகும். மைக்ரோஹெக்சுரிடே குடும்பத்துப் பாசிச் சிலந்தியின் உடம்பு, வளர்ந்த பிறகும் சுமார் 3 முதல் 4 மி.மீ.தான்.

டாரன்டுலா வளையில் தங்கி, இரவில் இரைக்குக் காத்திருக்கும். தொந்தரவு செய்தால், கோலியாத் போன்ற அமெரிக்கக் கண்டத்து இனங்கள் அரிப்புண்டாக்கும் வயிற்று முடிகளை உதறும். முரட்டு ஜீவன், தாக்குப்பிடிக்கும்.

பாசிச் சிலந்தி அப்படியில்லை. அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சிய மலைகளில், உச்சியை ஒட்டிய ஃபர் என்ற ஊசியிலை மரக் காடுகளில், பாறையை மூடிய பாசிக்கு அடியில் குழாய் போல வலை பின்னி வாழ்கிறது. பாசி காய்ந்தாலும் ஆபத்து, சொதசொதவென்று நனைந்தாலும் ஆபத்து. முட்டைப் பையில் பத்துக்கும் குறைவான முட்டைகளே இருக்கும். யாராவது கலைத்தால் தாய் அந்தப் பையைப் பற்களில் கவ்விக்கொண்டு நகரும். எனக்கு இதன் மேல்தான் அக்கறை அதிகம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சாறுண்ணிப் பூச்சி ஃபர் மரங்களைக் கொன்றது. நிழல் போனது, அப்புறம் பாசியும் காய்ந்தது. 1995-இல் அமெரிக்க அரசு இந்தச் சிலந்தியை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது.

சிலந்திகளை நேரில் பார்த்துப் பழக விரும்பினால் டாரன்டுலாவே சரி. பாசிச் சிலந்தியைத் தேடிப் பாசியைப் பெயர்க்கவே கூடாது. பெயர்த்தால் அதன் வீடே போய்விடும்.