கால்க்கில் கணக்கு, தாளில் வழக்கு: ஆறு வருட அனுபவம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கை ஆறு வருடமாக லிப்ரெஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில்தான் எழுதி வருகிறேன். 48 வீடு, 12 மாதம், கடைசியில் பாக்கி. கணக்கு போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைத் தாளில் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குள்தான் முதல் வருடம் தாவு தீர்ந்துவிட்டது.

முதல் மாதம் பெயர்கள் ஒரு தாளிலும் பாக்கித் தொகை வேறு தாளிலும் வந்து விழுந்தன. செலோடேப் போட்டு ஒட்டித் தோரணம் மாதிரி தொங்கவிட்டேன். அடுத்த மாதம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கினேன். 11 புள்ளி எழுத்து 55 சதவீதமாகச் சுருங்கினால் ஆறு புள்ளிதான். கீழ்வீட்டுத் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் தாள்மேல் வைத்துப் படித்ததைப் பார்த்தபின் அந்த வழியை விட்டுவிட்டேன்.

சரியான வழி நடுவில் இருந்தது. ஃபார்மட் மெனுவில் பேஜ் ஸ்டைல், அதில் ஷீட் என்ற பகுதி. அங்கே அகலம், உயரம் பார்த்துச் சுருக்கும் தேர்வில் அகலத்துக்கு 1 பக்கம் என்று கொடுத்து, உயரத்தைக் காலியாக விட வேண்டும். தாளை லேண்ட்ஸ்கேப்பாகத் திருப்பிவிட்டால் குறுக்கே எதுவும் வெட்டுப்படாது, கீழே எத்தனை பக்கம் வேண்டுமானாலும் ஓடும். எனக்கு இரண்டு தாள் ஆகிறது.

பக்க அமைப்பு ஷீட்டில் இல்லை, ஸ்டைலில், அதாவது பெயர் வைத்த ஓர் அமைப்புத் தொகுப்பில், இருக்கிறது என்பது மண்டையில் ஏறத்தான் நாளானது. புதிதாகச் சேர்க்கும் ஷீட்டெல்லாம் டிஃபால்ட் ஸ்டைலையே எடுத்துக்கொள்ளும். பாக்கிப் பட்டியலுக்காக அதைத் திருப்பினேன், ரசீது ஷீட்டும் சேர்ந்து திரும்பிக்கொண்டது. இப்போது ‘நெட்டு’, ‘குறுக்கு’ என்று இரண்டு ஸ்டைல் வைத்திருக்கிறேன். தேவையான ஷீட்டில் நின்று, பேஜ் ஸ்டைல் பட்டியலில் பெயரை டபுள் கிளிக் செய்தால் போதும்.

திரையில் தலைப்பு வரிசையை நகராதபடி ஃப்ரீஸ் செய்து வைத்தால் தாளிலும் வரும் என்று நம்பியிருந்தேன். வராது. பிரின்ட் ரேஞ்சஸில் எடிட் போய், திரும்ப வரவேண்டிய வரிசைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மாற்றாமல் விட்டால் ஷீட்டின் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சாகும். நான் என் வசதிக்காக ஒரு ஷீட்டுக்கு ‘இழுத்தடிப்பவர்கள்’ என்று பெயர் வைத்திருந்தேன். அப்படியே பலகையில் ஏறிவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் பாக்கி வந்துவிட்டது. அன்றிலிருந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தி முன்னோட்டம் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

ஓரங்களில் இடதுபக்கம் 2.5 சென்டிமீட்டர், வலதுபக்கம் 1. பஞ்சிங் மெஷின் வீட்டு எண்களைத் தின்றபிறகு வந்த ஞானம் இது. பக்க அளவையும் பாருங்கள். கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் ஏ4-க்குப் பதில் ‘லெட்டர்’ என்ற தாள் அளவு வந்து உட்கார்ந்துகொள்ளும். அது 279 மில்லிமீட்டர் நீளம்தான், ஏ4 297.

ஜெராக்ஸ் கடைக்கு மூலக் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே நம் தமிழ் எழுத்துரு இருக்காது, வேறொன்று வந்து உட்காரும், நெடுவரிசையின் அகலம் போதாமல் தொகையெல்லாம் ### ஆகிவிடும். பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் ‘ஃபிட்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ என்று சொல்லுங்கள், இல்லையென்றால் சுருக்கியதையே மறுபடி சுருக்கிக் கொடுப்பார்.

முடியாதது ஒன்று உண்டு. பழைய பேரேட்டில் பக்கத்துக்குப் பக்கம் கூட்டி, அடுத்த பக்கத்தின் தலையில் முன்பக்க மொத்தம் எழுதுவார்கள். கால்க் அதைத் தானாகச் செய்யாது. எங்கள் பொருளாளர் ஐயா அது இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் முதல் தாளின் அடியில் பென்சிலால் நானே எழுதிக் கொடுக்கிறேன்.