குறுக்குவழிக் கணக்குகள்: நெடுநாள் புழங்கியபின் கையில் நின்றவை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு 3 மணி நேரம். அவற்றில் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதி. வினாவுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது என்பதால், தருமபுரியில் எங்களோடு படிப்பவர்கள் எல்லோருடைய நோட்டிலும் குறுக்குவழிச் சூத்திரங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சில ஆண்டுகளாக அவற்றோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்: முக்கால்வாசி தேவையே இல்லை.

எனக்கு அதிகம் கைகொடுப்பது மீச்சிறு பொது மடங்கு முறைதான். ஒரு வேலையை அ 12 நாளிலும் ஆ 18 நாளிலும் முடிப்பார்கள். மொத்த வேலையை, 12, 18 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய எண்ணான 36 பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் அ 3 பங்கு, ஆ 2 பங்கு. சேர்ந்து செய்தால் 36-ஐ 5-ஆல் வகுத்து 7.2 நாள். பெருக்கலைக் கூட்டலால் வகுக்கும் சூத்திரமும் இதே விடையைத்தான் தரும். ஆனால், 'இருவரும் 4 நாள் செய்தபின் அ விலகிவிட்டார். மீதியை ஆ எத்தனை நாளில் முடிப்பார்?' என்று கேட்டால் அந்தச் சூத்திரம் விழிக்கும். பங்கு முறையில் 20 முடிந்தது, மீதி 16, நாளுக்கு 2, ஆக 8 நாள். பின்னம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

இதே முறை வேகத்துக்கும் செல்லும். ஒகேனக்கலுக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி என்ன? 50 என்று விடை வைத்து ஆசை காட்டுவார்கள். தொலைவை 120 என்று வையுங்கள். போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. உண்மைத் தொலைவு எதுவானாலும் விடை மாறாது.

மாம்பழம் விலை 25 விழுக்காடு ஏறினால், செலவு கூடாமலிருக்க 20 விழுக்காடு குறைத்து வாங்க வேண்டும். நாலில் ஒரு பங்கு ஏற்றம், ஐந்தில் ஒரு பங்கு குறைப்பு, அவ்வளவுதான்.

வட்டியில், ரூ.8,000-க்கு 5 விழுக்காட்டில் இரண்டாண்டுக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம், முதலாண்டு வட்டியான 400-க்கு வரும் வட்டி, அதாவது ரூ.20. இதைப் புரிந்துகொண்டவருக்குச் சூத்திரம் எதற்கு? மூன்றாண்டுச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

கன அளவுக் கணக்குகளில் இவை எதுவும் உதவாது. அங்கே ஆரம் 14, 21 என்று வந்தால், முதலில் பெருக்காமல் 22/7-இன் கீழுள்ள 7-ஐ அடித்துவிட்டுத் தொடங்குங்கள்.